ராமநாதபுரம் கடற்கரையில் பிள்ளைப்பேறு: வளைகாப்பு முதல் நாற்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கம் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும், தெருவே மருத்துவச்சி ஆகிவிடும். நான் மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு ஊரில் பிறந்து, பாம்பனில் வாக்கப்பட்டு, இரண்டு பிள்ளை பெற்றவள். என் அப்பத்தா நிஜமாகவே மருத்துவச்சி. கோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, மாதா கோயில் தெரு என்று மூன்றுக்கும் போய்ப் பிரசவம் பார்த்தவர். அவர் சொல்லிக்கொடுத்ததில் பாதியை இன்றும் செய்கிறேன், பாதியை விட்டுவிட்டேன். எந்தப் பாதி என்றுதான் திருப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் வீட்டுப் பெண்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகள்தான் இவை.

மூன்று மாதம் வரை வெளியே சொல்லக் கூடாது என்கிறார்களே, ஏன்?

கண் பட்டுவிடும் என்பது பாட்டிமார் சொல்லும் காரணம். கரு கலைவது பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள் நடக்கிறது என்பது டாக்டர் சொல்லும் காரணம். ஊருக்குச் சொல்லாமல் இருப்பது உங்கள் விருப்பம். ஆனால் ஊர் நர்ஸம்மாவிடம் மட்டும் முதல் மாதமே சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். அவர் கண் யார் மேலும் படாது.

வளைகாப்பு எந்த மாதம் போட வேண்டும்? யார் யார் வளையல் போடலாம்?

பெரும்பாலும் 7 அல்லது 9. ஒற்றைப்படை மாதம்தான் கணக்கு, சில வீடுகளில் 5-லேயே போடுகிறார்கள். கன்னத்தில் சந்தனம், கையில் கண்ணாடி வளையல், அதற்கு முன்னால் வேப்பிலைக் காப்பு. அப்புறம் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, சர்க்கரைப் பொங்கல், தயிர்ச்சோறு. வளையல் சத்தம் குழந்தைக்குக் கேட்கும், அதனால்தான் முன்னோர் வைத்தார்கள் என்று இப்போது எல்லோரும் அறிவியல் பேசுகிறார்கள். ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளைக்குக் காது கேட்கும் என்பது உண்மைதான். ஆனால் வளையல் சத்தத்துக்கு வயிறு குலுங்க அம்மா சிரிப்பாளே, அந்தச் சத்தம் இன்னும் பக்கத்தில் கேட்கும். என்னைக் கேட்டால், இது கர்ப்பிணியை நடுவில் உட்கார வைத்து, பிள்ளை பெற்றுப் பிழைத்து வந்த பெண்கள் சுற்றி நின்று ‘நாங்கள் இருக்கிறோம்’ என்று காட்டும் சடங்கு. அதற்கு அறிவியல் முத்திரை வேண்டியதில்லை.

யார் போடலாம் என்ற கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வரும். கணவனை இழந்தவர் கூடாது, பிள்ளை இல்லாதவர் கூடாது என்று ஒதுக்குவது இன்னும் நடக்கிறது. கடலுக்குப் போன ஆண் திரும்பாத வீடுகள் இருக்கும் ஊர்களில் இந்த விதியை வைத்தால் பாதிப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டிவரும். என் வளைகாப்பில் முதல் வளையல் போட்டது என் பெரியம்மா. அவருடைய வீட்டுக்காரர் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். அப்பத்தா, “பிள்ளையைத் தூக்கி வளர்க்கிற கைக்குத் தீட்டு கிடையாது, உக்காருங்கடி” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

செலவு அடுத்த வேதனை. மண்டபம், மேடை அலங்காரம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் படம் என்று பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுகிறது. அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் அங்கன்வாடி மூலமாகப் பல பெண்களை ஒரே பந்தலில் உட்கார வைத்து வளையல் போட்டு, சாப்பாடும் போட்டு, என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லியும் அனுப்புகிறார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காத வளைகாப்பு அதுதான். கூச்சப்படாமல் போங்கள்.

ஜப்பானில் இதற்குச் சமமாக ஒன்று உண்டு. ஐந்தாம் மாதத்தில் நாள்காட்டியில் ‘நாய் நாள்’ பார்த்து வயிற்றில் துணிக் கச்சை கட்டுவார்கள். நாய் சுலபமாகக் குட்டி போடும் என்பதால் அந்த நாள். நம் ஊரில் கர்ப்பிணியை நாயோடு ஒப்பிட்டால் சம்பந்தி சண்டைதான் வரும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் நல்ல ஏற்பாடு. வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்வது போல் மாமியாரிடம் சொல்ல வராது. ஜப்பானிலும் பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறார்கள், அதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். நைஜீரியாவில் இக்போ மக்களிடம் நேர் எதிர்: பெண் போக மாட்டாள், பெண்ணின் தாய் மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் தங்கிக் குளிப்பாட்டி, காரமான சூப்பு வைத்துக் கொடுப்பார்.

கீழக்கரையில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே மரைக்காயர் குடும்பங்களில் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளைதான் மாமியார் வீட்டுக்கு வருவார். உம்மா அடுத்த அறையில், ராத்தா மாடியில். என் தோழி ஒருத்தி, “நீங்க ஏழாம் மாசம் பெட்டி கட்டுறதப் பாத்தா பாவமா இருக்கு” என்பாள். எனக்கும் அவளைப் பார்த்துப் பொறாமைதான்.

ஏழாம் மாதமே கூட்டிப் போய்விடுவதற்குத் தீவுக்காரர்களிடம் வேறொரு காரணமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாம்பனில் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். அதுவரை ரயில், இல்லாவிட்டால் படகு. நிறைமாதத்தில் காற்று மாறும் கடலை நம்பி யார் கிளம்புவது?

மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் கடலில் இறங்கக் கூடாதாமே?

கடலில் குளிக்கக் கூடாது, முடி வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் உண்டு. இதைக் கடற்கரையில் உட்கார்ந்து யாரும் எழுதியிருக்க முடியாது. இங்கே கடலில் இறங்காவிட்டால் அரிசி ஏது? எங்கள் தெருவில் முடி வெட்டாமல் தாடியோடு திரிவார்கள், ஆனால் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடவுளுக்கும் தொழில் தெரியும்.

பிள்ளை வரம் கேட்டு எங்கே போவார்கள்? ஓரியூர் மண்ணைச் சாப்பிடலாமா?

திருப்புல்லாணியில் தசரதன் வேண்டிப் பாயசம் பெற்றான் என்பது தலபுராணம். அதனால் பிள்ளை இல்லாதவர்கள் அங்கே நாகப் பிரதிஷ்டை செய்து, பாயசப் பிரசாதம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ராமேசுவரத்திலும் நாகர் கல் வைக்கிறார்கள். ஓரியூரில் 1693-ல் வெட்டிக் கொல்லப்பட்ட பாதிரியார் அருளானந்தரின் ரத்தம் பட்டு மண் சிவந்தது என்பது நம்பிக்கை. அந்தச் செம்மண்ணை எல்லா மதத்தவரும் மடித்து எடுத்து வருகிறார்கள்.

நெற்றியில் பூசுங்கள், சாமி படத்தின் கீழ் வையுங்கள், வாயில் போட வேண்டாம். மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி என்று கர்ப்பிணிக்கு ஆசை வருவது மசக்கை மட்டும் இல்லை, பல நேரம் ரத்தசோகையின் அடையாளம். அந்த ஆசை வந்தால் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். மாத்திரை போட்டால் குழந்தை கறுத்துவிடும் என்பது சுத்தப் பொய்.

குங்குமப்பூ, பப்பாளி, கிரகணம்?

குங்குமப்பூவால் பாலுக்கு நிறம் வரும், பிள்ளைக்கு வராது. அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள். காய்ப் பப்பாளியைத் தவிர்ப்பது சரி, அதன் பாலில் கருப்பையைச் சுருக்கும் தன்மை இருக்கிறது. நன்றாகப் பழுத்ததைப் பற்றி இவ்வளவு பயம் தேவையில்லை. கிரகணத்தன்று உள்ளே படுத்துத் தூங்குவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை, பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். உதடு பிளந்து பிள்ளை பிறப்பதற்குக் கிரகணம் காரணம் இல்லை.

பிறந்தவுடன் சேனை வைக்கலாமா?

சேனை என்றால் தெரியாதவர்களுக்கு: பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பப் பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பது. யார் வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். இதற்காகவே ஆஸ்பத்திரி வராந்தாவில் தகராறு நடந்து பார்த்திருக்கிறேன். முஸ்லிம் வீடுகளில் தொழுகை அழைப்புகளான பாங்கை வலது காதிலும் இகாமத்தை இடது காதிலும் சொல்லி, மென்ற பேரீச்சம்பழத்தை அண்ணத்தில் தடவுவார்கள். முதல் ருசி நல்லவர் கையால் இனிப்பாக இருக்கட்டும் என்ற ஒரே ஆசைதான் இரண்டிலும்.

எனக்கு இதில் அனுபவம் இருக்கிறது. என் மூத்தவனுக்கு அப்பத்தா ஆசையாகச் சீனித் தண்ணீர் வைத்தார். ஒரு முறை வைத்தது போதாதென்று வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு சொட்டு. மூன்றாம் நாள் பேதி. பிள்ளை துவண்டுபோய்த் திரும்பவும் ஆஸ்பத்திரி. அப்பத்தா ஒரு வாரம் பேசவே இல்லை.

ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பை முடக்கும் விஷத்தை உண்டாக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலைக் கறந்து கொட்டும் வழக்கம் இன்னும் எங்காவது இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். சேனை வைத்தே தீர வேண்டும் என்று ஐயா அடம்பிடித்தால், அம்மாவின் பாலில் ஒரு துளியைக் கழுவிய விரலில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். என் இளையவளுக்கு அப்படித்தான் செய்தோம். சடங்கும் முடிந்தது, சண்டையும் முடிந்தது.

தொப்புள்கொடியை என்ன செய்வது?

காய்ந்து விழும் துண்டை வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாண் கயிற்றில் கட்டுவது நம் வழக்கம். ஜப்பானில் சின்ன மரப்பெட்டியில் வைத்துப் பத்திரப்படுத்துகிறார்கள். விழும் வரை அதன் மேல் எதையும் பூசாமல் உலர விடுவது முக்கியம்: விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். நஞ்சுக்கொடியை அந்தக் காலத்தில் வீட்டு ஓரத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்தார்கள். பாலியிலும் அப்படியே புதைத்து வழிபடுகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மொழியில் நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் ஒரே சொல்தான். இப்போது ஆஸ்பத்திரியே எடுத்துப் போட்டுவிடுகிறது, யாரும் கேட்பதும் இல்லை.

இந்த நாற்பது நாள் கணக்கு எங்கிருந்து வந்தது?

இதற்கு ஒரே ஊற்று இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் மூன்று தெருவிலும் கணக்கு வேறு, ஆனால் அருகருகே வந்து நிற்கிறது. இந்து வீடுகளில் சாதிக்கும் வீட்டுக்கும் தகுந்தபடி 11, 16, 30 என்று தீட்டுக் கழிப்பார்கள். மண்டபம் அகதி முகாமில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா 31-ஆம் நாள் துடக்குக் கழிவு என்பார். முஸ்லிம் வீடுகளில் பிரசவ ரத்தம் நிற்கும் வரை தொழுகை, நோன்பு இல்லை. அதற்கு உச்ச வரம்பு ஹனபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவில் 40 நாள், நம் கடற்கரையில் பலரும் பின்பற்றும் ஷாபி மத்ஹபில் 60. பேச்சில் எல்லோருமே ‘நாற்பது’ என்றுதான் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களுக்குப் பழைய ஏற்பாட்டில் லேவியர் 12-ஆம் அதிகாரம்: ஆண் பிள்ளை என்றால் 7-ம் 33-ம் சேர்த்து 40, பெண் பிள்ளை என்றால் 14-ம் 66-ம் சேர்த்து 80. கிறிஸ்துமஸிலிருந்து எண்ணினால் பிப்ரவரி 2 நாற்பதாவது நாள். மாதா குழந்தையோடு கோயிலுக்குப் போன நாளாக அன்று மெழுகுவர்த்தி மந்திரிக்கிறார்கள்.

மெக்சிகோ பக்கம் போனாலும் நாற்பது நாள்தான், அதன் பெயரே ‘நாற்பது’. சீனாவில் ஒரு மாதம், அதை ‘மாதம் உட்காருவது’ என்கிறார்கள். குளிர்ந்தது தொடாமல், காற்றுப் படாமல், இஞ்சி போட்ட கறி சாப்பிட்டுக்கொண்டு உட்கார வேண்டும். நம் பச்சை உடம்புக்காரிக்குச் சொல்வதையே மொழிபெயர்த்தது போல் இருக்கும். மருத்துவமும் பிரசவத்துக்குப் பின் 6 வாரம், அதாவது 42 நாளைத் தனியாக எண்ணுகிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய அத்தனை நாள் ஆகும்.

தீட்டு என்ற சொல் எனக்குப் பிடிக்காது. பிள்ளை பெற்றவளை அழுக்கு என்று சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் அந்தச் சொல்லை வைத்துத்தான் ஏழை வீட்டுப் பெண்ணும் நாற்பது நாள் அடுப்படிக்குப் போகாமல் தப்பித்தாள். தீட்டு என்று ஒதுக்கி மாட்டுக்கொட்டகையில் போட்டதும் உண்டு, தீட்டு என்று சொல்லிப் படுக்கையில் வைத்துச் சோறு கொடுத்ததும் உண்டு. நான் சொல்லை விட்டுவிட்டு நாளை வைத்துக்கொண்டேன். அந்த நாற்பதில் தாய்க்குத் தூக்கமும் சோறும் கொடுக்கிற எந்த வழக்கத்தையும் நான் கேள்வி கேட்பதில்லை. பிள்ளையின் வாய்க்குள்ளும் மூக்குக்குள்ளும் எதையாவது போடச் சொல்கிற வழக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்து விசாரிப்பேன்.

வாசலில் வேப்பிலை செருகுவது எதற்கு?

‘பச்சைப்பிள்ளை வீடு, காலைக் கழுவிட்டு வா’ என்று சொல்வதற்கு. கொரியாவில் இதையே வாசலில் புரிக்கயிறு கட்டிச் செய்தார்கள்: ஆண் பிள்ளை என்றால் கயிற்றில் சிவப்பு மிளகாய், பெண் என்றால் கரியும் பைன் கொத்தும். 21 நாள் வெளியாள் உள்ளே வரக் கூடாது. நம் வீடுகளில் வேப்பிலையைத் தாண்டி வந்து பிள்ளையின் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார்கள். கயிறு கட்டினால்கூட நல்லதுதான்.

பத்தியத்தில் என்ன மீன் கொடுக்கலாம்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பால் சுரக்க என்றால் எங்கள் பக்கம் முதலில் சொல்வது பால் சுறா. மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, கையால் உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு போட்டு நல்லெண்ணெயில் புட்டாக வதக்குவது. மிளகாயும் புளியும் இல்லை. அடுத்தது காரல். வெள்ளிக்காசு மாதிரி தட்டையாக இருக்கும், முள் அதிகம், விலை குறைவு. மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு ரசம் மாதிரி வைத்து, அந்தத் தண்ணீரைச் சோற்றில் பிசைந்து கொடுப்பார்கள். கீழக்கரையில் இதையே ஆணம் என்பார்கள். அப்புறம் சாளை, நெத்திலி. கருவாடு என்றால் நெத்திலிக் கருவாடு, அதுவும் உப்பை நன்றாக அலசிவிட்டு.

இதில் என் அபிப்பிராயம் அப்பத்தாவோடு கொஞ்சம் மாறுபடும். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழும் மீன். அப்படிப்பட்ட மீன்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்கச் சொல்லிப் பல நாடுகளில் அறிவுரை இருக்கிறது. பால் சுறா சின்ன வகைதான், ஆனாலும் தினமும் சுறாப்புட்டு என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். காரலும் நெத்திலியும் சாளையும் சின்ன மீன், பாதரசம் குறைவு, சத்து நிறைவு. விலையும் குறைவு என்பதால்தானோ என்னவோ, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகும்போது மட்டும் யாரும் காரல் வாங்குவதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பிரசவம் ஆனவர்கள் பத்தியத்துக்கு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகும் கரைவலையும் ஓடும், காரலும் சாளையும் கரைக்கு வரும். கொஞ்சம் விலை கூடும், அவ்வளவுதான்.

பாசி பற்றி ஒரு சேதி. கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் சாப்பாடே கடற்பாசி சூப்பு. திமிங்கலம் குட்டி போட்டதும் பாசி தின்றதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று அங்கே ஒரு கதை. அதோடு விடவில்லை: பிறந்தநாள்தோறும் எல்லோரும் அதே சூப்பைக் குடிக்கிறார்கள், அம்மா அன்றைக்குப் பட்ட பாட்டை நினைத்து. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி எடுக்கிற பாசியில் ஒன்றுக்குக் கஞ்சிப் பாசி என்றே பெயர். முன்பு அதில் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறார்கள், அந்தப் பெயர்தான் மிச்சம். இப்போது மூட்டை மூட்டையாக அகர் தயாரிக்கும் ஆலைக்குப் போகிறது, நம் பத்தியத்தில் அதற்கு இடம் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மூட்டையைப் பிரித்துச் சூப்பு வைக்க வேண்டாம். அது சாப்பாட்டுக்கென்று சுத்தம் செய்த பாசி இல்லை, பாசியில் அயோடின் அதிகமானாலும் கெடுதல்தான்.

பால் சுரப்பதற்குப் பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் கொடுங்கள், நல்ல சாப்பாடு. நெதர்லாந்தில் பிள்ளை பிறந்தால் வருகிறவர்களுக்குச் சோம்பு மிட்டாய் தூவிய ரஸ்க் கொடுக்கிறார்கள். சோம்பு பால் சுரக்க வைக்கும் என்ற நம்பிக்கை அங்கேயும் இருக்கிறது. ஆனால் பாலை உண்மையில் சுரக்க வைப்பது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதுதான்.

பிரசவ மருந்து, லேகியம் கொடுக்கலாமா?

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், கருப்பட்டி, நல்லெண்ணெய் போட்டுக் கிளறுவது அளவோடு இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. யாழ்ப்பாணத்து அக்கா இதைச் சரக்கு என்பார். கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், சீரகம் அரைத்துச் சின்ன மீன் போட்டு அவர் வைக்கும் சரக்குக்கறி வாசத்துக்கு எங்கள் தெருவே எட்டிப் பார்க்கும். 2015-ல் அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. துண்டு, சோப்பு, கொசுவலை நடுவில் லேகியம். பின்லாந்தில் 1938 முதல் இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள், பிள்ளையை அந்தப் பெட்டியிலேயே படுக்க வைக்கலாம். லேகியம் மட்டும் அவர்களிடம் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்கிறார்களே?

தவறு. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கிற அளவு கொடுங்கள். தண்ணீரை அளந்து கொடுத்தால் மலச்சிக்கலும் சிறுநீர் எரிச்சலும்தான் வரும். நொச்சி, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை இடுப்பில் ஊற்றுவது சுகம். எனக்கு ஊற்றும்போது அப்படியே தூங்கியிருக்கிறேன். ஆபரேஷன் ஆனவர்கள் தையல் ஆறும் வரை வயிற்றில் வெந்நீரை வீச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

உரைமருந்து, வசம்பு, மை, சாம்பிராணி?

அப்பத்தாவின் உரைகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு: ஒவ்வொன்றையும் இரண்டு இழைப்பு இழைத்துப் பாலில் கரைத்துக் கொடுப்பார். வசம்பை ராத்திரியில் பெயர் சொல்ல மாட்டார்கள், ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். பிள்ளை வளர்ப்பான் என்றும் பெயர். இவ்வளவு செல்லமாகக் கூப்பிடும் பொருளில் ஆசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். கையில் வளையாகக் கட்டினால் பிள்ளை அதையும் வாயில்தான் வைக்கும். நான் இரண்டையும் விட்டேன். கல் மட்டும் சாமி அலமாரியில் இருக்கிறது.

கடையில் வாங்கும் கண்மையில் ஈயம் கலந்திருக்கலாம். திருஷ்டிக்கு உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும், கண்ணுக்குள் வேண்டாம். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழலைப் பாதிக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும், தொண்டையில் விரலை விட்டுச் சளி எடுப்பதும் எங்கள் அப்பத்தா காலத்துக் கைவேலை. அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. யார் வந்து செய்கிறேன் என்றாலும் விடாதீர்கள்.

பெயர் வைப்பது எப்போது?

இந்து வீடுகளில் பெரும்பாலும் 16 அல்லது 30-ஆம் நாள் தொட்டில் போட்டு, அத்தை காதில் மூன்று முறை சொல்லி வைப்பார். முஸ்லிம் வீடுகளில் 7-ஆம் நாள் அகீகா: ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஒன்று, தலைமுடி இறக்கி அதன் எடைக்கு வெள்ளி தானம். கிறிஸ்தவர்களுக்கு ஞானஸ்நானத்தின்போது, ஞானத்தாய், ஞானத்தகப்பன் முன்னால். மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில். கத்தும் பிள்ளையை அவர் சமாளிக்கட்டும்.

பிள்ளை பெற்ற பிறகு அழுதுகொண்டே இருக்கிறாள். காத்து கருப்பா?

முதல் ஒன்றிரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். அதற்கு மேலும் நீடித்தால், தூக்கமே இல்லாவிட்டால், பிள்ளையைத் தொட மறுத்தால், யாரோ பேசுகிறார்கள் என்றால், அது நோய். பழைய ஆட்கள் பிரசவ சன்னி என்பார்கள். உடனே டாக்டரிடம் போக வேண்டியது, மருந்தால் சரியாவது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எங்கள் பக்கம் இப்படி ஆனால் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போவது வழக்கம். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அதன் பிறகு நிலைமை மாறியது. இப்போது தர்காவிலேயே மனநல டாக்டர் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது, தவா-துவா என்று பெயர்: மருந்தும் பிரார்த்தனையும். நேர்ச்சை இருந்தால் போங்கள், ஆனால் மாத்திரைச் சீட்டோடு போங்கள். வேதனையில் இருப்பவளைத் தனியாக விட்டுவிட்டு யாரும் கடைவீதிக்குப் போக வேண்டாம்.

நாற்பது நாள் ஓய்வெல்லாம் வசதியானவர்களுக்குத்தானே?

கேட்ட பெண் பாசி எடுக்கப் போகிறவர். அவர் கேட்பது சரிதான். தண்ணீருக்குள் முங்கினால்தான் கூலி, வீட்டில் இருந்தால் இல்லை. இருபத்தைந்தாம் நாளே கடலுக்குள் இறங்கியவரை எனக்குத் தெரியும். அவரிடம் போய்ப் பத்தியம் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கும் மகப்பேறு நிதியுதவி மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு: 14,000 பணமாகத் தவணை தவணையாக வரும், மீதி சத்துப் பொருள் பெட்டகமாக வரும். அதற்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருக்க வேண்டும், வங்கிக் கணக்கு பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். அதனால்தான் முதல் கேள்வியிலேயே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். பாசி எடுக்கும் பெண்கள் சிலர் ஒன்று செய்கிறார்கள்: பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு அன்றைய மீனில் ஒரு கைப்பிடியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சட்டியைக் கழுவி வைத்துவிட்டு வருவார்கள். அதற்குப் பெயர் எதுவும் கிடையாது, சடங்கு என்றும் யாரும் சொல்வதில்லை.

பல் முளைத்தால் ஏதாவது செய்ய வேண்டுமா?

எங்கள் வீட்டில் ஒன்றும் கிடையாது. யாழ்ப்பாணத்து அக்கா வந்து என் மகளுக்குச் செய்தார். தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரி செதுக்கி ஓரத்தில் குத்தி அவித்த கொழுக்கட்டை. வெள்ளைத் துணி விரித்து, பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, தலைக்கு மேலிருந்து மெதுவாகக் கொட்டினார். முன்னால் புத்தகம், பேனா, நகை, காசு, எது எடுக்கிறது பார் என்று வைத்திருந்தோம். அவள் எதையும் தொடவில்லை. கொழுக்கட்டை ஒன்றை எடுத்து, இருந்த ஒற்றைப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.